தலைக்கணக்கு

1945 ஜனவரி, மூன்றாவது வாரம். தெற்குப் போலந்தில், ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து மேற்கே போகும் சாலை. குளிர் பூஜ்யத்துக்கு வெகு கீழே. ஐந்தைந்து பேராக வரிசை போய்க்கொண்டே இருக்கிறது. தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை.

கோடு போட்ட கைதி உடுப்பு. அதன்மேல் போர்வை. காலில் மர அடி வைத்த செருப்பு. நடக்க நடக்க அடியில் பனி அப்பிக் கட்டியாகி, ஒரு கால் உயர்ந்தும் ஒரு கால் தாழ்ந்தும் போகிறது. ஒருவர் குனிந்து அதைத் தட்டிவிடப் பார்க்கிறார். பக்கத்து ஆள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கிறார். குனிந்தால் பின்தங்க வேண்டும். பின்னால் நாஜி எஸ்.எஸ். காவலர்கள், துப்பாக்கியோடு.

இன்னொரு வரிசையில், இருவருக்கு நடுவே ஒரு பையன். கண் மூடியிருக்கிறது, கால் மட்டும் நடக்கிறது. இருபுறமும் கைகோத்துத் தாங்கிக்கொண்டு வருகிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவனை எழுப்புகிறார்கள். இப்போது இடப்பக்கத்து ஆள் நடுவுக்கு வருகிறார். தூங்குவது அவர் முறை.

தாகத்துக்கு, முன்னால் போகிறவரின் தோளில் விழுந்த பனியைப் பின்னால் வருபவர் வழித்து வாயில் போட்டுக்கொள்கிறார். முன்னவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர் வருகிறது. ஜன்னல் திரைகள் அசைகின்றன. ஒரு வீட்டு வாசலில் வாளி நிறையத் தண்ணீரும், துண்டு போட்ட ரொட்டியும். வைத்தவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். ஏழெட்டுக் கைகள் நீள்கின்றன. காவலன் வாளியை எட்டி உதைக்கிறான். ரொட்டி அதற்குள் சட்டைகளுக்குள் போய்விட்டது.

பின்னால் ஒரு வெடிச்சத்தம். யாரும் திரும்பவில்லை. வரிசையில் நால்வர் நடக்கிறார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் வந்து இடத்தை நிரப்புகிறார்.

வோஜிஸ்வாவ் ரயில் நிலையம் வரை 63 கிலோமீட்டர். அங்கே கூரையில்லாத நிலக்கரி வண்டிகள் நிற்கின்றன. உட்கார இடமில்லாமல் நெருக்கி ஏற்றுகிறார்கள். ரயில் செக் நாட்டு ஊர்களைக் கடக்கும்போது, பாலங்களின் மேலிருந்து ரொட்டி விழுகிறது.

முகாமில் இவர்களைக் காலையும் மாலையும் எண்ணினார்கள். இரவில் செத்தவரையும் தூக்கிவந்து வரிசையோரம் கிடத்தவேண்டும், அதுவும் கணக்கில் சேரும். ஒரு தலை குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து. கணக்கு நேராகும்வரை மழையோ பனியோ, மணிக்கணக்கில் நிற்கவேண்டும். ஜனவரி 17 மாலை எடுத்த கடைசிக் கணக்கில், ஆஷ்விட்ஸிலும் அதன் கிளை முகாம்களிலும் சேர்த்து 67,012 பேர். அவர்களில் சுமார் 56,000 பேரைச் சோவியத் செம்படை வந்து சேருமுன் சாலைக்கு விரட்டினார்கள்.

வழியில் இறந்தவர்கள் 9,000 பேராக இருக்கலாம், 15,000 பேராகவும் இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். நடுவில் தொக்கி நிற்பது ஆறாயிரம் உயிர். பிணத்தைக்கூட விடாமல் எண்ணியவர்கள், சாலையோரத்தில் விழுந்தவரை அப்படியே விட்டுவிட்டு நடந்தார்கள். அந்த உடல்களை எடுத்துத் தங்கள் ஊர் இடுகாட்டில் புதைத்தவர்கள், ரொட்டி வைத்த அதே கிராமங்களின் ஜனங்கள்தான்.