விளக்கு எரிந்தால் சென்சார்தான் கெட்டதா?

தோட்டத்தில் வாழும் நமக்கு ஒரு பழைய டீசல் பிக்-அப் வண்டி இருந்தால் அதுவே பெரிய ஆஸ்தி. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் அதுதான் துணை. அதில் எஞ்சின் விளக்கு எரிந்தால் நம் வயிறும் சேர்ந்து எரிகிறது.

என் மைத்துனரின் வண்டியில் அப்படி விளக்கு எரிந்தது. பட்டறையில் கருவியை மாட்டிப் பார்த்தவர், “பி-0183 காட்டுது. டீசல் சூட்டைப் பார்க்கிற சென்சார் போச்சு. மாத்த 680 வெள்ளி ஆகும்” என்றார். 2025-இல் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளி! தங்கையின் முகம் வாடிவிட்டது.

அந்த எண் உண்மையில் என்ன சொல்கிறது? சென்சார் ஒயரில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. சென்சார், இரண்டு ஒயர்கள், பிளக், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்த ஒரு சுற்று அது. எந்த இடத்தில் அறுந்தாலும் இதே எண் வரலாம். பி-0182 வந்தால் அழுத்தம் குறைவு. ஒயர் உரசி வண்டியின் உடம்பில் பட்டிருக்கவும் கூடும்.

டீசல் சூடேறினால் அடர்த்தி குறையும். அதற்கேற்பப் பீய்ச்சும் அளவைக் கணக்கிடவே இந்தச் சென்சார் இருக்கிறது. சூடு ஏற ஏற இதன் மின்தடை இறங்கும்.

நாங்கள் சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டு பார்த்தோம். சாவியை அணைத்து, இரண்டு ஒயர் உள்ள அந்தப் பிளக்கைக் கழற்றினோம். சென்சாரின் இரு முனைகளிலும் மின்தடையை அளந்தோம். கையேட்டில் உள்ள அளவுக்குப் பொருந்தியது. ஆகவே சென்சார் நலம்! பிறகு சாவியைத் திருப்பி, ஒயர்ப் பக்கத்தைச் சோதித்தோம். பேட்டரியின் நெகட்டிவ் முனையை வைத்துப் பார்த்தால் ஓர் ஒயரில் 5 வோல்ட் இருந்தது. அதே ஒயரையும் பக்கத்து ஒயரையும் சேர்த்து அளந்தால் ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டருக்குத் திரும்பிச் செல்லும் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது என்பது அப்போதே விளங்கிவிட்டது. தொடர்ந்து தடவிப் போனால், எலி கடித்த இடம் கைக்கு அகப்பட்டது. செம்பனைக்கு நடுவே நிற்கும் வண்டிக்கு எலிக்கா பஞ்சம்? ஒயரை ஈயம் வைத்துப் பற்றி, மேலே டேப் சுற்றினோம். பழைய எண்ணை அழித்த பிறகு விளக்கு திரும்ப எரியவில்லை.

ஒன்று கவனம்: டீசல் குழாய்களை நீங்களாகக் கழற்றாதீர்கள், உள்ளே அழுத்தம் மிக அதிகம். பிளக்கில் இரண்டுக்கு மேல் ஒயர் இருந்தாலும் விவரம் தெரிந்தவரிடமே விடுங்கள்.

பட்டறைக்குப் போனால், “ஒயரையும் பிளக்கையும் அளந்து பார்த்தீர்களா, அண்ணே?” என்று பணிவாகக் கேளுங்கள். அப்படி அளந்து பார்ப்பவருக்கு அந்த வேலைக்கான கூலியை மனமுவந்து கொடுங்கள். நல்ல சாமானைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதைவிட அந்தக் கூலி நிச்சயம் குறைவாகவே இருக்கும்.