ஏழாம் நம்பரை முந்திய எட்டாம் நம்பர்! - செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்தில் ஒரு காலை

உக்கடம் தாண்டி போத்தனூர் வழியாகப் போனால் செட்டிபாளையம் வந்துவிடும். கார் பந்தயப் பிரியர்களுக்கு இந்த ஊர் என்றாலே கரி மோட்டார் ஸ்பீட்வேதான் ஞாபகத்துக்கு வரும். அதே ஊரில்தான் 18 குழிகள் கொண்ட கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப்பும் இருக்கிறது. எனக்கு கோல்ஃப் பற்றித் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பணக்கார அப்பாக்கள் ஆடுவார்கள் என்பது மட்டும்தான். அந்த நினைப்போடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போனேன்.

என் நினைப்பை மாற்றியவர் ஒரு கேடி. ஆடுபவரின் பையைத் தோளில் சுமந்துகொண்டு, கூடவே நடந்து, "இந்த இடத்துக்கு இந்த ஸ்டிக்" என்று எடுத்துக்கொடுப்பவரைத்தான் கேடி என்கிறார்கள். "பேரெல்லாம் வேண்டாமுங்க தம்பி, விஷயத்த மட்டும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். 20 வருட அனுபவம். அவருடைய 17 வயது மகனும் ஆடுகிறான்.

"உங்க பையன் ஸ்டிக்கெல்லாம் காட்டுங்கண்ணா" என்றேன். பையைத் திறந்தார். மொத்தம் ஒன்பது ஸ்டிக், நாலு கம்பெனி. அவர் பை சுமந்தவர்கள் புதுசு வாங்கும்போது கொடுத்த பழசுகள். விதிப்படி ஒரு ஆட்டக்காரர் 14 ஸ்டிக் வரை வைத்துக்கொள்ளலாம்.

"இதுல ஒரு கூத்து இருக்குதுங்க. ஏழாம் நம்பர்ல அடிச்சா பையனுக்கு 145 யார்டு போகுது. எட்டாம் நம்பர்ல 150 போகுது. நியாயமா எட்டுதான கம்மியா போகோணும்?"

நம்பர் கூடக் கூட தூரம் குறைய வேண்டும் என்பதுதான் கணக்கு. அயர்ன் எனப்படும் இரும்பு ஸ்டிக்கின் முகம் நேராக நிற்காது, பின்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்கு லாஃப்ட் என்று பெயர். சாய்வு குறைவு என்றால் பந்து தாழ்வாகத் தூரம் போகும். சாய்வு அதிகம் என்றால் உயரமாக எழும்பி, கிட்டத்தில் விழும். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் சுமார் 4 டிகிரி வித்தியாசம் இருந்தால், தூரத்தில் 10 முதல் 15 யார்டு வித்தியாசம் வரும். மாடிப்படி மாதிரி ஒவ்வொரு படியும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் தடுக்காமல் ஏற முடியும்.

இங்கேதான் சிக்கல். எந்த நம்பருக்கு எத்தனை டிகிரி என்று விதி எதுவும் கிடையாது. 50 வருடங்களுக்கு முந்தைய ஏழாம் நம்பரில் சாய்வு 38 டிகிரியை ஒட்டி இருக்கும். இன்று கடையில் கிடைக்கும் பல ஏழாம் நம்பர்களில் 28 முதல் 30 டிகிரிதான். அதாவது தாத்தா காலத்து ஐந்தாம் நம்பர்தான், ஏழு என்று எழுதிக்கொண்டு வருகிறது. "என் ஏழு எவ்வளவு தூரம் போகுது பாரு" என்று சொல்ல யாருக்குத்தான் ஆசை இருக்காது? அந்த ஆசை விற்பனைக்கு உதவியது. எடையை அடிப்பகுதிக்கு இறக்கிச் செய்யும் புது வடிவமைப்பில், சாய்வு குறைந்தாலும் பந்து போதுமான உயரம் எழும்புகிறது என்பதும் உண்மை.

ஆனால், மணலில் இருந்து பந்தை எடுக்கும் சாண்ட் வெட்ஜ் மட்டும் 54 - 56 டிகிரியிலேயே நின்றுவிட்டது. மேலே இருந்தவையெல்லாம் நகர்ந்ததால், கடைசி இரண்டு ஸ்டிக்குக்கு நடுவே பெரிய ஓட்டை விழுந்தது. அதை அடைக்கத்தான் 50 டிகிரியில் 'கேப் வெட்ஜ்' என்று தனியாக ஒன்று வந்தது. பெயரே 'இடைவெளி வெட்ஜ்'தான்.

அந்த ஓட்டையில்தான் இந்தப் பையன் விழுந்தான். போன வருடம் ஒரு போட்டி. கடைசி குழிக்கு 95 யார்டு பாக்கி. கையில் இருந்த பிட்சிங் வெட்ஜ் 110 யார்டு போகும். சாண்ட் வெட்ஜ் 75தான். பிட்சிங் வெட்ஜை எடுத்து மெதுவாக அடிக்க முயன்றான். பதற்றத்தில் முழு வீச்சும் விழுந்து, பந்து கிரீனைத் தாண்டிப் போய்விட்டது. ஒரே ஒரு அடியில் தோல்வி.

"நாலு நாள் சரியா சாப்பிடலீங்க. அவன் மேல தப்பில்ல, ஸ்டிக்கு மேல தப்புன்னு நான் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனச்சுட்டான்."

கேப் வெட்ஜ் புதிதாக வாங்க பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். அவர் வாங்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். மோட்டார் பம்ப் உதிரிபாகம் செய்யும் மச்சானின் லேத் பட்டறைக்கு மொத்தப் பையையும் தூக்கிக்கொண்டு போனார். கோணம் அளக்கும் கருவியை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார்கள். ஏழாம் நம்பர் 37 டிகிரி, எட்டாம் நம்பர் 34. பழைய ஏழும் புது எட்டும் ஒரே பையில்! பிட்சிங் வெட்ஜ் 44, சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் 12 டிகிரி பள்ளம்.

"அப்பத்தான் பையன் நம்புனான்" என்கிறார்.

அடித்துச் செய்த மெத்தென்ற இரும்பாக இருந்தால், கழுத்துப் பகுதியில் இரண்டு டிகிரி வரை வளைக்கலாம். வார்ப்பு இரும்பு என்றால் உடையும் ஆபத்து அதிகம். அவருடைய வெட்ஜ் இரண்டும் முதல் ரகம். வைஸில் கவ்வவைத்து, ஒன்றை 46-க்கும் இன்னொன்றை 54-க்கும் கொண்டுவந்தார்கள். 12 டிகிரி பள்ளம் 8 ஆனது. சாண்ட் வெட்ஜ் மணலில் முன்பு போல வழுக்காமல் கொஞ்சம் தோண்டுகிறதாம். "அது பழகிக்கலாமுங்க." ஏழாம் நம்பர் இப்போது வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

டிகிரி சரியானால் மட்டும் போதாது. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிற ஊர் இது. ஜூன் தொடங்கிவிட்டால் மேற்கிலிருந்து காற்று கிளம்பிவிடும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 46 கிராம்கூட இல்லாத பந்து எம்மாத்திரம்? எதிர்க்காற்று என்றால் ஒரு நம்பர், சில நாள் இரண்டு நம்பர் குறைத்து எடுக்க வேண்டும்.

ஊட்டிக்குப் போனால் வேறு கதை. அங்கே கோல்ஃப் மைதானம் 7,000 அடிக்கு மேல் இருக்கிறது. செட்டிபாளையம் அதைவிட ஏறக்குறைய 6,000 அடி கீழே. மேலே காற்று லேசு, பந்துக்குத் தடை குறைவு. இங்கே 150 யார்டு போகும் அடி, அங்கே 160-ஐத் தொடும். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் ஒரு ஸ்டிக் மாறிவிடுகிறது.

கேடி பையன் ஆடி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பெங்களூரில் கேடியாக இருந்த சி.முனியப்பா 2009-ல் இந்தியன் ஓப்பன் பட்டம் வென்றார். கொல்கத்தாவில் மைதானத்தைப் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி.சௌராசியா 2016, 2017 என அடுத்தடுத்து அதே பட்டத்தை வென்றார். இந்த இரண்டு பெயர்களும் இந்த அப்பாவுக்கு மனப்பாடம்.

கிளம்பும்போது பையனின் பாக்கெட் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் பந்து விழும் தூரம், உருண்டபின் நிற்கும் தூரம் என இரண்டு கட்டங்கள். ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தான்.

'95 - 46 டிகிரி. ரெண்டு விரல் கீழ பிடி. முழுசா வீசு.'

அடுத்த போட்டி ஆடி முடிந்ததும் வருகிறதாம். "காத்து அடங்கீரும், பாத்துக்கலாமுங்க" என்றார் அப்பா. பையன் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை வாங்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, 95 யார்டு தூரத்தை எண்ணி நடக்க ஆரம்பித்துவிட்டான்.