அயலவரும் எமது விசுவாசமும்

யூலை மாதம் வந்தால் லண்டன் தமிழர் பலர் நோர்போக்கிலுள்ள வால்சிங்காம் மாதாவிடம் போகிறோம். ஊரில் மடுவுக்கு வந்தது போலவே சைவ அயலவரும் கூட வருகிறார்கள்; மெழுகுதிரி கொளுத்தி நேர்த்தி வைக்கிறார்கள். அதில் எமக்குள் பிணக்கு இல்லை. அவர்கள் எமது பிள்ளைகளை விம்பிள்டன் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குக் கூப்பிடும்போதுதான் பிணக்கு.

"கிறிஸ்துவாலன்றி மீட்பில்லை, போகக்கூடாது" என்கிறார்கள் பெரியவர்கள். "பிற சமயங்களிலுள்ள உண்மையையும் புனிதத்தையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இலேயே சொல்லிவிட்டதே" என்கிறார்கள் இளையவர்கள்.

இது எமது வீடுகளில் மட்டும் உள்ள வாதமல்ல. இலங்கைக் குருவான திஸ்ஸ பாலசூரிய அடிகளார், பல சமயத்தவர் வாழும் ஆசியாவிலிருந்து ஜென்மபாவப் போதனையைக் கேள்வி கேட்டு எழுதினார். 1997 ஜனவரியில் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். 1998 ஜனவரியில் மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

சங்கத்தின் ஏட்டை நாம் முழுதாக வாசிப்பது நல்லது. பிற சமயங்களை மதிக்கும் அதே பந்தியில்தான் கிறிஸ்துவே வழி என்று அறிவிக்கும் கடமையும் எழுதப்பட்டிருக்கிறது. பெரியவர்கள் ஒரு பாதியைச் சொல்கிறார்கள், இளையவர்கள் மறுபாதியை.

பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுப்போம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி மரியாதையாக நிற்கட்டும். "உங்கள் வழிபாடு என்ன?" என்று கேட்டால், கூச்சப்படாமல் தெளிவாகச் சொல்லட்டும். அந்நிய நாட்டில் அயலவரையும் இழக்காமல், விசுவாசத்தையும் இழக்காமல் அவர்கள் வளர வேண்டும்.