இல்ஃபோர்ட் யானையின் பல்

இல்ஃபோர்ட் லேன் என்றால் எங்கள் வீடுகளில் கலியாண உடுப்பு எடுக்கப் போகிற தெரு. பார்க்கிங்கில் இருந்து நடந்தே போகலாம். அந்தத் தெருவில் இருந்து பிரிகிற அப்ஹால் ரோட் பக்கம், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், செங்கல் செய்ய மண் வெட்டிய பெரிய குழிகள் இருந்தன. லண்டன் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த காலம். எவ்வளவு செங்கல் வந்தாலும் போதவில்லை. வெட்டிய மண்ணோடு யானை எலும்பும் காண்டாமிருக எலும்பும் வந்துகொண்டே இருந்தன.

கடற்படை நிர்வாக அலுவலகத்தில் வேலை செய்துகொண்டு ஸ்ட்ராட்ஃபோர்ட்டில் குடியிருந்த அந்தோனியோ பிரேடி என்பவருக்கு இதே பைத்தியம். வேலை செய்பவர்களிடம் சொல்லிவைத்து, எலும்பு தெரிந்தால் ஓடிப் போவார். 1864இல் ஒரு மமூத்தின் மண்டையோடு தந்தத்தோடு வெளிப்பட்டது. தொட்டால் உதிர்கிற நிலை. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் வில்லியம் டேவிஸ் வந்து, கை உடைந்தால் போடுகிற மாவுக்கட்டு மாதிரி, பாரிஸ் சாந்து பூசி அதைப் பத்திரமாகத் தூக்கினார். பிரித்தானியாவில் கிடைத்த மமூத் மண்டையோடுகளில் மிக முழுமையானது அதுதான். இப்போது அது சவுத் கென்சிங்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். பார்க்கிங்கில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறினால் மாறாமலே போய் இறங்கலாம்.

இந்த யானையைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. போன தீபாவளிக்குச் சாப்பாட்டு மேசையில் பெரியப்பா என் அக்காவின் மகனிடம் கேட்டார்: "தம்பி, ஒரு மிருகம் இன்னொரு மிருகமா மாறினது எண்டு படிக்கிறியள். நடுவில நிண்டது எங்க? ஒரு எலும்பைக் காட்டு, பாப்பம்." ஏ-லெவல் உயிரியல் படிக்கிற பெடியன். கோழிக்கறியைப் பார்த்தபடி பேசாமல் இருந்தான். பிறகு காரில், "விடுங்கோ மாமா, அவருக்கு விளங்காது" என்றான். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. பெரியப்பா ஊரில் கணக்கு வாத்தியார். அவர் கேட்டது நல்ல கேள்வி. 1859இல் தன் புத்தகத்தை வெளியிட்டபோது டார்வினே அதைத் தன் கொள்கைக்கு எதிரான பெரிய ஆட்சேபணை என்று எழுதி, அதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்.

இரண்டு ஆண்டுகளில் ஜெர்மனியில் ஆர்க்கியோப்டெரிக்ஸ் கிடைத்தது. பறவையின் இறகு, பல்லியைப் போல நீண்ட எலும்பு வால், சிறகில் நகம். அதுவும் இதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. 1862இல் அதை வாங்க ஏற்பாடு செய்த ரிச்சர்ட் ஓவன் டார்வினை எதிர்த்தவர் என்பது வேடிக்கை. ஆனால் பெரியப்பாவுக்கு நான் அதைக் காட்ட மாட்டேன். "ஒரு எலும்பை வைச்சு என்னத்தைச் சொல்றது?" என்பார். கணக்கு வாத்தியாருக்கு எண் காட்ட வேண்டும்.

யானையின் கடைவாய்ப் பல் தகடு தகடாக அடுக்கிய பல். தகடு கூடினால், மண்ணும் துகளும் ஒட்டிய முரட்டுப் புல்லை அரைத்தாலும் பல் மெதுவாகத்தான் தேயும். ஏறக்குறைய 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் மரங்கள் நிறைந்த நிலத்தில் வாழ்ந்த தெற்கு மமூத்தின் கடைசிக் கடைவாய்ப் பல்லில் சுமார் 13 தகடுகள். அதன் பின் வந்த புல்வெளி மமூத்தில் 19 அளவில். பனிக்காலத்துக் கம்பளி மமூத்தில் 24, 26 வரை. காலநிலை குளிர்ந்து, மரம் குறைந்து, புல் கூடக் கூட எண்ணும் ஏறுகிறது.

எங்கள் இல்ஃபோர்ட் யானை வாழ்ந்தது சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன். 19ஆம் நூற்றாண்டில் அதைக் கம்பளி மமூத் என்று பதிந்தார்கள். இன்று புல்வெளி மமூத்தின் கடைசிக் காலத்து வகை என்கிறார்கள். தன் முன்னோரை விட உடல் சிறுத்துப்போன வகை. எலும்பு அதே எலும்பு, பெயர்தான் மாறியது. இதைக் கேட்டுச் சிலர், "பாருங்கோ, விஞ்ஞானிகளுக்கே தெரியாது" என்பார்கள். நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு மிருகமும் தனித்தனியாக, மாறாமல் வந்திருந்தால் எந்தப் பெட்டியில் போடுவது என்ற சண்டையே வந்திருக்காது. உங்கள் போனில் இருக்கிற ஆப் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. "வெர்ஷன் 3" என்ற பெயரை ஒரு நாள் கூட்டத்தில் உட்கார்ந்து நாங்கள்தான் வைக்கிறோம்.

ஒரு தொல்லையும் உண்டு. 13க்கும் 24க்கும் நடுவில் 19ஐ வைத்தால், 13க்கும் 19க்கும் நடுவில் என்ன என்று கேட்பார்கள். முன்பு ஒரு இடைவெளி, இப்போது இரண்டு!

கதை நேர்கோடும் இல்லை. அட்ரியன் லிஸ்டரும் ரஷ்யாவின் ஆந்திரே ஷெரும் 2001இல் காட்டியபடி, கம்பளி மமூத்தை நோக்கிய மாற்றம் முதலில் நடந்தது சைபீரியாவில். ஐரோப்பாவில் கொஞ்சக் காலம் பழைய பல்லும் புதிய பல்லும் சேர்ந்தே இருந்தன. ஊரில் இதைக் கூர்ப்பு என்று படித்தார்கள், தமிழ்நாட்டில் பரிணாமம் என்பார்கள். எந்தச் சொல்லைச் சொன்னாலும் ஏணிப்படி படம் மனதில் வருகிறது. ஏணியை விட ஆற்றுக் கிளைகள் பொருத்தம்.

இன்னொன்று. "நடுவில் நின்றது" என்றால் பாதி செய்து விட்ட மிருகம் இல்லை. இல்ஃபோர்ட் யானை முழு யானை. மேய்ந்தது, குட்டி போட்டது. பின்னால் என்ன வரப்போகிறது என்று அதற்குத் தெரியாது.

யானை யானையாக மாறியது பெரிய மாற்றமா என்று பெரியப்பா கட்டாயம் கேட்பார். அதற்கு இந்தியாவில் பதில் இருக்கிறது. காஷ்மீர்ப் பகுதியில் காலாகோட் அருகே ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் சேர்த்த கற்கள், அவர் இறந்த பிறகும் வீட்டிலேயே கிடந்தன. அவருடைய மனைவி அவற்றை ஹான்ஸ் தெவிசென் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். அதில் ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்யும்போது காது எலும்பு தவறுதலாக உடைந்தது. உடைந்த இடத்தில் உள்பக்கச் சுவர் தடித்திருந்தது. திமிங்கிலக் குடும்பத்தின் அடையாளம் அது. மிருகமோ 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நான்கு கால்களில் நடந்த, பூனை அளவான, மான் போன்ற இந்தோஹியஸ். 2007இல் வெளியானது. அக்காவின் மகனுக்கு அந்தக் காது எலும்பின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பி, பெரியப்பாவிடம் நீயே காட்டு என்று எழுதியிருக்கிறேன்.