திரும்பக் கேட்ட இருபது ரூபாய்

1994ஆம் ஆண்டின் இறுதியில், நாங்கள் கணக்கெழுதிக்கொண்டிருந்த திண்ணைக்கு ஒரு முதியவர் வந்தார். "வருசம் முழுக்க ஒரு தலைவலிகூட எனக்கு வரலை தம்பிகளா, என் இருபது ரூபாயைத் திருப்பிக் குடுங்க" என்றார்.

எம் ஊரில் வீட்டுக்கு ரூ.20 பிரித்து, மருத்துவ நிதியொன்றை அவ்வாண்டு தொடங்கியிருந்தோம். முண்டியடித்துச் சேர்ந்தவர்கள் வீட்டில் நோயாளி உள்ளவர்களே. திடகாத்திரமான இளைஞர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். ஏழாம் மாதமே நிதி தீர்ந்தது. எட்டாம் மாதம் ஒரு சிறுவனைப் பாம்பு தீண்டியபோது, நாங்கள் கொடுக்க இயன்றது பேருந்துக் கட்டணம் மட்டுமே. பையன் பிழைத்தான், அவன் தாயின் கம்மல் அடகுக் கடையில் மூழ்கியது.

சில ஆண்டுகளுக்குப் பின்னரே நீலகிரி மாவட்டம் கூடலூரைப் பற்றி அறிந்தோம். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் முதலிய பழங்குடியினர் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாக அங்கே திரண்டிருந்தனர். அவர்களுக்கென 'அஸ்வினி' என்னும் அமைப்பு மருத்துவமனை நடத்தியது. 1992இல் அங்கே காப்பீடு தொடங்கிற்று. சங்கத்தார் தம் பங்கை அஸ்வினியிடம் செலுத்துவர். அஸ்வினியோ அரசுடைமையான நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தில் அனைவருக்குமாகக் காப்பீடு எடுக்கும். நோயாளி படிவம் எதையும் நிரப்ப வேண்டியதில்லை. செலவைக் கேட்டுப் பெறுவது மருத்துவமனையின் பாடு. நாங்கள் தவறவிட்டது இதைத்தான்: எங்களிடம் நிதி இருந்தது, அதற்கு முன்பே கூடி நின்ற சங்கமோ, எங்களுடையது என்று சொல்லத்தக்க மருத்துவமனையோ இல்லை.

1999ஆம் ஆண்டுச் சட்டம் காப்பீட்டுத் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. கிராமப்புறத்தாருக்கும் நலிந்த பிரிவினருக்கும் குறிப்பிட்ட அளவு காப்பீடு தந்தே ஆகவேண்டும் என்று விதிகளும் வந்தன. 2003இல் கூடலூர்த் திட்டம் தனியார் நிறுவனமான ராயல் சுந்தரத்தின் கைக்கு வந்தது. தனியார் என்றவுடன் முகம் சுளிக்கும் பழக்கம் எங்களுக்கும் உண்டு. ஆயினும் ஏழையைத் தேடி அவர்களை வரவழைத்தது கருணையன்று, விதியே என்பதையும், பேரம் பேசச் சங்கம் ஒன்று எதிரே அமர்ந்திருந்ததையும் மறக்கலாகாது. தனியாக நிற்கும் கூலித் தொழிலாளியிடம் எந்த நிறுவனம் பேரம் பேசும்?

பின்னர் அரசே முன்வந்தது. 2008இல் வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு, ரூ.30 பதிவுக் கட்டணத்தில் ஆண்டுக்கு ரூ.30,000 வரை மருத்துவமனைச் செலவை ஏற்கும் தேசியத் திட்டம் வந்தது. 2018இல் அதனிடத்தைப் பிடித்த ஆயுஷ்மான் பாரத், அவ்வரம்பை ரூ.5 லட்சமாக்கியது. பெரும் நன்மையே. ஆனால் மருத்துவமனையில் படுத்தால்தான் அட்டைக்கு மதிப்பு. மாதந்தோறும் சர்க்கரை நோய்க்கு மருந்துக் கடையில் கொடுக்கும் பணம், இன்றும் ஏழையின் மடியிலிருந்துதான் போகிறது.

அந்த முதியவருக்குத் திருப்பிக் கொடுக்க நிதியில் ஒன்றுமில்லை. எங்கள் கையிலிருந்தே இருபது ரூபாயைக் கொடுத்தோம். எண்ணிப் பார்த்து மடியில் முடிந்துகொண்டவர், படியிறங்குகையில் திரும்பி, "பாம்பு கடிச்சதே, அந்தப் பய இப்ப நடக்கிறானா?" என்று கேட்டார்.