மூளை மருத்துவத்தின் மூத்த ஆசான்

பணி ஓய்வு பெறும் மருத்துவரைப் பாராட்டும் மேடைகளில், அவர் எத்தனை அறுவைகள் செய்தார் என்னும் கணக்கே முதலில் வாசிக்கப்பெறுவதை யாம் பலகாலும் கேட்டிருக்கிறோம். அக்கணக்கு வேண்டாததென்று யாம் கூறவில்லை. எனினும் மூளைக்கட்டியை அகற்றும் அறுவை வல்லுநர் ஒருவரை அளக்க அஃதொன்றே போதுமா என்னும் வினா, 1970இல் வேலூரில் பணி ஓய்வு பெற்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி அவர்களை எண்ணுந்தோறும் எம்முள் எழுகின்றது.

கேரளத்தில் 1910இல் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். பின்னர்ப் பஹ்ரைன் தீவின் அமெரிக்க மிஷன் மருத்துவமனையில் பால் ஹாரிசன் என்னும் அறுவை மருத்துவரிடம் உதவியாளராகப் பணியாற்றினார். நம் ஊர் இளைஞர்கள் பிழைப்பு நாடி வளைகுடாவுக்குப் புறப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, அம்மண்ணின் நோயாளரிடையே அவர் கைப்பழக்கம் பெற்றார் என்பது எமக்குத் தனி மகிழ்ச்சி. அமெரிக்காவிலும், கனடாவின் மான்ட்ரியல் நகரில் வில்டர் பென்ஃபீல்டு என்னும் பேராசானிடமும் பயின்று திரும்பி, 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய துறை அதுவே முதலாவது.

அக்காலத்தில் மூளைக்கட்டியைக் கண்டறிவது எத்துணை அரிய செயல் என்பதை இன்றைய மாணவர் எளிதில் உணரார். தலையைப் படம்பிடித்துக் கட்டியைக் காட்டும் சி.டி. ஸ்கேன் கருவி, இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்டதே 1971இல்தான். அஃதாவது சாண்டி அவர்கள் ஓய்வு பெற்ற மறு ஆண்டு. அதற்குமுன் மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்தியும், கழுத்துத் தமனியில் சாயம் ஏற்றியும் எக்ஸ்ரே எடுப்பர். அவற்றிற்கும் முற்பட்டது கண்ணும் கையும். காலைத் தலைவலி, வாந்தி, மங்கும் பார்வை, ஒருபக்கம் வலுவிழக்கும் கை ஆகிய இவற்றைக் கொண்டே கட்டி இருக்குமிடத்தை ஊகித்து மண்டையோட்டைத் திறக்க வேண்டும். விரலளவு பிழைத்தால் பேச்சுப் போகும். சிலபோது உயிரே போகும். கட்டியெனத் திறந்தால் அது காசநோய்க் கழலையாக இருப்பதும் நம் நாட்டில் அரிதன்று.

1960களின் நடுவில் எம் பெரியத்தாவுக்கு இந்நோய் வந்தது. தோல் மண்டியில் கணக்கெழுதியவர் அவர். பேனா கைநழுவத் தொடங்கியபோது ஜின்னின் வேலையென்று தாயத்துக் கட்டினர். கண் மங்கிய பின்னரே வேலூருக்குக் கொண்டு சென்றோம். மூளையை மூடிய உறையில் கட்டி என்றனர். அறுவை செய்யவிருந்தவர் அத்துறையில் பயின்ற இளைஞர் என்றறிந்த பெரியம்மா, “பெரிய டாக்டர் தொடமாட்டாரா, தம்பி?” என்று கலங்கினார். “இந்தக் கை அவர் பழக்கியதுதான், அம்மா” என்று மட்டும் சொல்லி உள்ளே சென்றார் அவ்விளைஞர். அசரிலிருந்து இஷா வரை தாழ்வாரத்தில் துஆவுடன் காத்திருந்தோம். பெரியத்தா பிழைத்தார். வலக்கை முழுதும் மீளவில்லை. இடக்கையால் ஒப்பமிடப் பழகினார். மகளிர் இருவரின் நிக்காஹ்வையும் கண்டார்.

அவ்விளைஞர் போன்றோரை உருவாக்கியதே சாண்டி அவர்களின் தலைசிறந்த பணி என்பது எம் துணிபு. நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங் அவர்களைத் தம்முடன் இணைத்துக்கொண்டு, நோயறிதலையும் அறுவையையும் ஒரே கூரையின்கீழ் வைத்தார். 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவிய நால்வருள் ஒருவராகி, அதன் முதல் தலைவருமானார். சென்னையின் டாக்டர் பி. இராமமூர்த்தி அவர்களும் அந்நால்வருள் ஒருவரே. 1950களின் பிற்பகுதியில் முறையான பட்டப்பயிற்சியை வேலூரில் தொடங்கினார். வெளிநாடு சென்றாலன்றி இக்கலை கைவராது என்றிருந்த நிலை அத்துடன் மாறியது. 1964இல் பத்மபூஷண் விருது வந்தது. அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கொர்டோபாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறுவை மேதை அபுல் காசிம் அஸ்-ஸஹ்ராவி, ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் தம் பெருநூலின் முப்பதாம் பகுதியை அறுவைக்கென ஒதுக்கி, கருவிகளை வரைந்தும் காட்டினார். தம் மாணாக்கரை ‘என் பிள்ளைகளே’ என்று விளிப்பது அவர் வழக்கம். நூல் எழுதியவர் அவர். கையைப் பிடித்துப் பழக்கியவர் இவர். இவ்விருவரையும் ஒரே வரிசையில் வைக்க எமக்குத் தயக்கமில்லை.

ஓய்வுக்குப்பின் கேரளம் திரும்பிய சாண்டி அவர்கள் 2007இல், 97 வயது நிறைந்து மறைந்தார். அவர் தொடங்கிய துறையோ 1970இல் ஒருநாளும் நிற்கவில்லை. பின்னாளில் ஸ்கேன் படங்கள் வேலூருக்கு வந்தபோது, அவற்றை ஒளிப்பலகையில் மாட்டிப் படித்தவர்கள் அவர்தம் மாணாக்கரும், அம்மாணாக்கரின் மாணாக்கருமே.