ஏறாதே, எடுக்காதே, இறங்காதே! - ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஒரு கேம்பிங் பயணம்

அதிகாலை 5 மணி. இன்னும் விடியவில்லை. திறந்தவெளியில் வரிசையாகப் படுத்திருப்பவர்களை ஒவ்வொருவராக எழுப்பிக்கொண்டே வருகிறார் வழிகாட்டி. ஜூலை மாதம் என்றால் விரல் விறைக்கும் குளிர். முதல் நாள் இரவு மூட்டிய நெருப்பின் மிச்சக் கங்கில் தண்ணீர் கொதிக்கிறது. சூடாக ஒரு டீ குடித்துவிட்டு வேனில் ஏறினால், கொஞ்ச நேரத்தில் பார்வை மேடை வந்துவிடும். அங்கே, இருட்டுக்குள் ஒரு பிரமாண்ட உருவம் மெல்ல ஊதாவாகி, பழுப்பாகி, சூரியன் எட்டிப் பார்த்ததும் தணலாகச் சிவக்கிறது.

அதுதான் உலுரு. ஆஸ்திரேலியாவின் நடுவே, சமவெளியிலிருந்து 348 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் ஒற்றைப் பாறை!

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தின் பரப்பு 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். மக்கள்தொகையோ சுமார் 2.5 லட்சம்தான். இந்த வெட்டவெளியைப் பார்க்கப் பலரும் தேர்ந்தெடுப்பது, வழிகாட்டியோடு போகும் குழுப் பயணத்தை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தொடங்கி, பாலைவனத்தைச் சுற்றிவிட்டு, வடக்கே டார்வின் வரை போனால் செம்மண்ணில் ஆரம்பித்துப் பச்சைக் காட்டில் முடியும். ஆனால், இந்தப் பயணத்தில் 'இதைச் செய்யுங்கள்' என்பதைவிட 'இதைச் செய்யாதீர்கள்' என்ற வார்த்தைதான் அதிகம் காதில் விழும். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

வழிகாட்டியே டிரைவர், வழிகாட்டியே சமையல்காரர்!

கரடுமுரடான பாதையிலும் போகக்கூடிய வண்டி. அதில் பல நாடுகளிலிருந்து வந்த, ஒருவரையொருவர் முன்பின் தெரியாத பத்து இருபது பேர். வழிகாட்டிதான் வண்டியை ஓட்டுவார், கதை சொல்வார், சமைப்பார். மற்றவர்கள் சும்மா உட்கார முடியாது. ஒருவர் வெங்காயம் நறுக்க வேண்டும், ஒருவர் தட்டு கழுவ வேண்டும். தேசியப் பூங்காவுக்குள் சுள்ளி பொறுக்கத் தடை என்பதால், விறகை வெளியிலேயே சேகரித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது நாளே குழு ஒரு குடும்பம் மாதிரி ஆகிவிடும்.

தூங்குவதற்கு 'ஸ்வாக்'. தடித்த கேன்வாஸ் உறைக்குள் மெல்லிய மெத்தை, அதற்குள் ஸ்லீப்பிங் பேக். கூரை கிடையாது. நகர வெளிச்சம் துளியும் இல்லாததால், பால்வெளி கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும்.

ஏறாதே!

உலுருவைச் சுற்றியுள்ள மண் அனங்கு பழங்குடி மக்களுடையது. 1985 அக்டோபர் 26 அன்று ஆஸ்திரேலிய அரசு இந்த நிலத்தின் உரிமையை அவர்களிடம் திருப்பி ஒப்படைத்தது. அவர்கள் அதைத் தேசியப் பூங்காவாகப் பராமரிக்க 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசிடமே கொடுத்தார்கள். பூங்கா வருமானத்தில் 25 சதவிகிதம் அவர்களுக்குச் சேர்கிறது.

ஆனாலும், சுற்றுலாப் பயணிகள் பாறை மேல் ஏறுவது நிற்கவில்லை. 1960-களில் பொருத்திய சங்கிலியைப் பிடித்துக்கொண்டு லட்சக்கணக்கானோர் ஏறினார்கள். 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஏறும் வழி அனங்கு மக்களின் முன்னோர் நடந்த புனிதப் பாதை. அதோடு, தங்கள் மண்ணுக்கு வந்த விருந்தாளி இறந்தால், அந்தத் துக்கமும் பொறுப்பும் தங்களுடையது என்று நினைப்பவர்கள் அவர்கள். 'தயவுசெய்து ஏறாதீர்கள்' என்று பல வருடங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2019 அக்டோபர் 26 முதல், அதாவது நிலம் திரும்பக் கிடைத்த அதே தேதியில், ஏறுவது சட்டப்படி நிறுத்தப்பட்டது.

இப்போது எல்லோரும் பாறையை வலம் வருகிறார்கள். மொத்தம் 10.6 கிலோமீட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் வழவழப்பான ஒரே கல். பக்கத்தில் போனால்தான் குகைகளும், பிளவுகளும், சுனையும், பாறை ஓவியங்களும் கண்ணில் படும். ஒரு பள்ளம், ஒரு வெடிப்பு என எல்லாவற்றுக்கும் அனங்கு மக்களிடம் ஒரு கதை உண்டு. சில இடங்களில் 'இங்கே படம் எடுக்காதீர்கள்' என்று பலகை இருக்கும். குழுவில் எல்லோருடைய போனும் பாக்கெட்டுக்குள் போய்விடும்.

எடுக்காதே!

இந்தச் சிவப்புக்குக் காரணம் துரு! பாறையில் உள்ள இரும்பு, காற்றிலும் ஈரத்திலும் துருப்பிடித்ததால் வந்த நிறம் அது. அழகாக இருக்கிறதே என்று ஒரு சின்னக் கல்லை எடுத்து பையில் போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். அப்படி எடுப்பது சட்டப்படி குற்றம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கற்கள் பார்சலில் திரும்பி வருகின்றன! உலகின் பல மூலைகளிலிருந்தும், மன்னிப்புக் கடிதத்தோடு. 'இதை எடுத்து வந்ததிலிருந்து வீட்டில் நல்லதே நடக்கவில்லை' என்று சிலர். 'செய்தது தப்பு என்று இப்போதுதான் புரிந்தது' என்று சிலர். இவற்றுக்கு 'மன்னிப்புக் கற்கள்' என்றே பெயர் வந்துவிட்டது. எந்த இடத்தில் எடுத்தது என்று தெரியாததால், பழைய இடத்தில் வைக்கவும் வழியில்லை.

வெயிலோடு விளையாட்டு இல்லை

உலுருவுக்கு அடுத்து, 36 குன்றுகள் கூட்டமாக நிற்கும் கடா ஜூடா. அதன் பிறகு கிங்ஸ் கேன்யன். அங்கே பள்ளத்தாக்கின் விளிம்பில் 6 கிலோமீட்டர் நடை. ஆரம்பத்திலேயே செங்குத்தான படிகள். அதற்கு 'மாரடைப்புக் குன்று' என்று செல்லப்பெயர்! வெப்பம் 36 டிகிரியைத் தொடும் என்று முன்னறிவிப்பு வந்தால், காலை 9 மணிக்கு முன்பே நடக்கத் தொடங்கிவிட வேண்டும். தாமதமாக வந்தால் அனுமதி இல்லை. வெயிலில் நடக்கும்போது மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. வழிகாட்டி எழுப்பும் அந்த அதிகாலை அழைப்பின் அர்த்தம் இங்கேதான் புரியும்.

பாலை மெல்லப் பச்சையாகும்

மறுபடி ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வந்து, வடக்கே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் சுமார் 1,500 கிலோமீட்டர். எதிரே 50 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள 'ரோட் டிரெயின்' லாரிகள் புழுதியோடு கடந்து போகும். இருட்டுவதற்குள் வண்டி முகாமில் நின்றுவிட வேண்டும். இரவில் கங்காருவும் மாடும் குறுக்கே வரும்.

ஊரைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே மகர ரேகை. வரைபடத்தில் வெப்பமண்டலம் அங்கேயே தொடங்கிவிடும். கண்ணுக்குத் தெரிய இன்னும் ஒரு நாள் ஆகும். உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் கார்லு கார்லுவைத் தாண்டி, மட்டரங்காவின் 34 டிகிரி வெந்நீர் ஊற்றுக்கு வரும்போது சுற்றிலும் பனை மரங்கள். காற்றில் ஈரம். புழுதி படிந்த உடம்போடு அந்த ஊற்றில் இறங்குவதுதான் பலருக்கு இந்தப் பயணத்தின் மிகச் சுகமான நேரம்.

இறங்காதே!

அடுத்த முகாம் ககாடு. ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் மிகப்பெரிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. இங்கே நாள்காட்டியே வேறு. மழை, காற்று, புல், பூ இவற்றைப் பார்த்து ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறார்கள் பூர்வகுடிகள்.

தண்ணீரைப் பார்த்தால் இறங்கத் தோன்றும். கூடாது! 6 மீட்டர் வரை வளரும் உப்புநீர் முதலைகள் ஆற்றிலும் குளத்திலும் இருக்கின்றன. 1971-ல் வேட்டைக்குத் தடை வந்த பிறகு அவற்றின் எண்ணிக்கை பெருகிவிட்டது. மழை வெள்ளத்தில் அவை புதிய இடங்களுக்கும் நீந்தி வந்துவிடும். 'போன தடவை இங்கே குளித்தேனே' என்ற பேச்சே செல்லாது. கரையோரம் நின்று பாத்திரம் கழுவக்கூட வழிகாட்டி விட மாட்டார்.

மாலையில் உபிர் பாறை ஓவியங்கள். எலும்பு வரை தெரியும்படி எக்ஸ்-ரே பாணியில் வரைந்த மீன்கள். ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன தைலசின் என்ற விலங்கின் உருவமும் அங்கே இருக்கிறது. பாறை உச்சிக்கு வந்தால், கீழே பச்சை வெள்ளச் சமவெளி, மேலே பறவைக் கூட்டம், அடிவானத்தில் இறங்கும் சூரியன். பக்கத்து ஆற்றைத் தாண்டினால் ஆர்ன்ஹெம் லேண்ட். பூர்வகுடிகளின் நிலம் அது. உள்ளே போக அவர்களின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு...

* மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ககாடுவில் மழை. பல சாலைகள் மூழ்கிவிடும்.
* பாலைவனம்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிடாதீர்கள். இரவுக் குளிர் நடுக்கிவிடும்.
* தொப்பி, நல்ல ஷூ, டார்ச் அவசியம். முகத்தில் மொய்க்கும் ஈக்களுக்குத் தலையில் மாட்டும் வலை வாங்கிக்கொள்ளுங்கள்.
* பல இடங்களில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.
* விசாவும், பூங்காக்களுக்கான நுழைவுச்சீட்டும் தேவை.

டார்வினில் இறங்கும்போது ஷூவைத் தட்டினால் கொஞ்சம் செம்மண் உதிரும். வீட்டுக்குக் கொண்டுபோக அந்த மண்ணின் சொந்தக்காரர்கள் ஒரு கல்லைக்கூடத் தருவதில்லை. ஆனால், அவர்கள் பேச்சைக் கேட்டு நடந்தவர்களுக்கு எல்லாவற்றையும் காட்டி அனுப்புகிறார்கள்!